கருவிற் குருதி குன்றிய குழந்தையும் அதன் குடலும்

சித்தூர் நாடு ஏரிகளை நம்பி வாழ்ந்த நாடு. மழை குறைந்த ஆண்டில் ஏரி நீரை எவ்வாறு பங்கிடுவது என்பதை அங்குள்ள குடியானவர் எவரைக் கேட்டாலும் சொல்லுவர். மதகை அடுத்த வயலுக்கு முதலில் நீர் பாயும். நாற்றங்காலை எப்பாடுபட்டேனும் காப்பாற்றுவர். கால்வாயின் கோடியிலுள்ள கடைமடை நிலமோ தன் முறை வரும்வரை வெடித்துக் கிடக்கும். தாயின் கருப்பையில் வளரும் குழந்தையின் உடலுக்குள்ளும் இத்தகைய பங்கீடு ஒன்று நடைபெறுகின்றது. வந்து சேரும் குருதி போதாதபோது மூளைக்கும் இதயத்துக்கும் முதலிடம். கடைமடையில் கிடப்பது குடல். பிறந்த பின்னர் அக்குழந்தைக்குப் பால் புகட்டுவது எப்போது, எவ்வளவு, எந்தப் பால் என்னும் வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், பிறப்பதற்கு முன்னரே நடந்துவிட்ட அந்தப் பங்கீட்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பார்க்கப்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 குழந்தைகள் 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறந்தவை. ‘நோஞ்சான் பிள்ளை’ என்று ஊரார் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். மருத்துவர் அவ்வாறு முடித்துவிட முடியாது. 28 வாரத்தில் பிறந்து 1,100 கிராம் எடையுள்ள குழந்தை ஒன்று. 33 வாரத்தில் பிறந்து அதே 1,100 கிராம் எடையுள்ள குழந்தை மற்றொன்று. தராசுக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் முதற் குழந்தை தன் வயதுக்குரிய வளர்ச்சியோடு, காலத்துக்கு முன்னே வந்துவிட்டது. இரண்டாவது குழந்தையோ வயிற்றுக்குள்ளேயே பட்டினி கிடந்தது. தலை மட்டும் பெரிதாகவும், கைகால்கள் குச்சிபோலவும், தோல் சுருங்கியும், முகம் முதியோர் முகம்போலவும் இருக்கும். நாம் இன்று பேசுவது இவ்விரண்டாவது குழந்தையைப் பற்றியே.

வயிற்றுக்குள் பட்டினி எப்படி நேருகிறது? தாய் வயிறார உண்ணாமையே காரணம் என்று பலர் கருதுவர். அதுவும் ஒரு காரணந்தான். ஆனால் வளமான இல்லங்களிலும் இத்தகைய குழந்தைகள் பிறக்கின்றன. தாய்க்கும் சேய்க்கும் இடையே நின்று உணவையும் உயிர்வளியையும் கைமாற்றிக் கொடுப்பது நஞ்சுக்கொடி. கருவுற்ற தொடக்க மாதங்களில் கருப்பையின் சிறு நாடிகள் விரிந்து, நஞ்சுக்கொடிக்குத் தாராளமாகக் குருதியைத் தரவேண்டும். சிலருக்கு அந்நாடிகள் விரிவதில்லை. பின்னர் தாய்க்குக் குருதி அழுத்தம் ஏறுவதற்கும், குழந்தை வளராமற் குன்றுவதற்கும் பெரும்பாலும் இதுவே வேர். நஞ்சுக்கொடியிலுள்ள நுண்குழல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டுப் பயனற்றுப் போகின்றன.

இதனைத் தாயின் வயிற்றின்மேல் ஒரு கருவியை வைத்தே அறியலாம் என்பது நம் காலத்தின் பேறு. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் இருப்புப்பாதையின் ஓரத்தில் நின்றவர்கள் கவனித்திருப்பர். வண்டி நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உச்சக் குரலில் ஒலிக்கிறது. நம்மைக் கடந்து சென்றதும் குரல் சட்டென்று தாழ்கிறது. வண்டி ஓட்டுநர் ஊதலை மாற்றவில்லை. அணுகுவதும் அகலுவதுமே ஒலியை மாற்றுகின்றன. ஆஸ்திரியரான கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் அறிஞர் 1842ஆம் ஆண்டிலே பிராகு நகரில் இவ்வுண்மையை வெளியிட்டார். அவர் எண்ணமெல்லாம் விண்மீன்களின் ஒளியைப் பற்றியது. குழந்தைகளைப் பற்றி அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். 1977ஆம் ஆண்டு அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஃபிட்ஸ்ஜெரால்டு, டிரம் என்னும் இருவர், செவிக்கு எட்டாத நுண்ணொலியைத் தாயின் வயிற்றினுள் செலுத்தி, தொப்புட்கொடியில் ஓடும் குருதியின் வேகத்தை அதே டாப்ளர் முறையால் கண்டறிந்து எழுதினர்.

தொப்புட்கொடியில் குழந்தையிடமிருந்து நஞ்சுக்கொடிக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகள் இரண்டு. திரும்பக் கொண்டுவரும் சிரை ஒன்று. குழந்தையின் இதயம் சுருங்கும்போது நாடியில் குருதி வேகமாகப் பாயும். இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் இமைப்பொழுதிலும், வேகம் குறைந்தாலும், ஓட்டம் முன்னோக்கியே இருத்தல் வேண்டும். நஞ்சுக்கொடியின் குழல்கள் அடைபட அடைபட இந்த ஓய்வுநேர ஓட்டம் மெலிகிறது. பாதிக்கு மேற்பட்ட குழல்கள் கெட்ட நிலையில் அது அறவே நின்றுவிடுகிறது. இன்னும் முற்றினால், உயர்ந்த வரப்பில் மோதிய நீர் திரும்புவதுபோல, குருதி குழந்தையை நோக்கியே பின்னோக்கித் திரும்புகிறது. ஸ்கேன் அறிக்கையில் ‘ஓய்வுநேர ஓட்டம் இல்லை’ என்றோ ‘திரும்பியுள்ளது’ என்றோ ஒரு வரி எழுதப்பட்டிருக்கும். அந்த ஒரு வரி குழந்தையின் முதல் மூன்று வாரங்களை முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடுகிறது.

ஈண்டு ஒரு சொல். இக்கருவியைக் கண்டு அஞ்சும் பாட்டிமார் உளர். ‘ஆணா பெண்ணா என்று பார்த்துவிடுவார்களோ’ என ஐயுறுவோரும் உளர். பாலினத்தை வெளிப்படுத்துவது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டாப்ளர் சோதனைக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கொடியில் குருதி ஓடுகிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது.

இனிக் கடைமடைக்கு வருவோம். உயிர்வளி குறைந்த குருதியே கிடைக்கும்போது கருவிலுள்ள குழந்தை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் திறம் வியக்கத்தக்கது. மூளைக்கும், இதயத்துக்கும், சிறுநீரகத்தின்மேல் உள்ள சுரப்பிகளுக்கும் செல்லும் நாடிகள் விரிகின்றன. தோல், தசை, சிறுநீரகம், குடல் ஆகியவற்றுக்குச் செல்வன சுருங்குகின்றன. தலை பெரிதாகத் தோன்றுவதற்கும் கைகால் மெலிவதற்கும் காரணம் இதுவே. சிறுநீரகத்துக்குக் குருதி குறைவதால் குழந்தை கழிக்கும் சிறுநீர் குறைகிறது. அதனால் பனிக்குட நீரும் வற்றுகிறது. பனிக்குட நீரை நாம் வெறும் மெத்தையென்று எண்ணிவிடலாகாது. கருவிலுள்ள குழந்தை அதனை நாள்தோறும் விழுங்குகிறது; பிற்பட்ட மாதங்களில் அரை லிட்டருக்குக் குறையாமலும் விழுங்கும். பால் பருகுவதற்கு முன்னர்க் குடல் செய்துகொள்ளும் பயிற்சி அதுவே. அந்நீரிலுள்ள வளர்ச்சிப் பொருள்கள் குடலின் உட்சுவரை வளர்க்கின்றன. நீர் வற்றினால் அப்பயிற்சியும் குன்றும். ஆகவே குடலுக்கு இரட்டை இழப்பு: வெளியிலிருந்து வரவேண்டிய குருதியும் குறைவு, உள்ளே செல்லவேண்டிய நீரும் குறைவு.

இந்நிலையில் குழந்தை பிறக்கிறது. கொடி அறுக்கப்பட்ட கணத்திலேயே பழைய பங்கீடு மாறிவிட்டதன்றோ, குடலும் செழித்துவிடுமன்றோ என்று கேட்கத் தோன்றும். அவ்வாறு உடனே நிகழ்வதில்லை. குடலுக்குக் குருதியைத் தரும் பெருநாடியில் ஓட்டம் முதற் சில நாட்களில் குறைவாகவே இருப்பதைப் பிறந்தபின் செய்யும் டாப்ளர் சோதனைகள் காட்டியுள்ளன. பால் வயிற்றுக்குள் சென்றதும் அந்நாடியில் ஓட்டம் பெருகுவது இயல்பு. இக்குழந்தைகளில் அப்பெருக்கமும் மந்தம். குடலின் அசைவு தளர்ந்திருக்கும். பிறந்ததும் கழிக்கவேண்டிய கரும்பச்சை நிறமான, பிசின்போன்ற முதல் மலம் இறுகிக் குடலிலேயே தங்கிவிடும். சில குழந்தைகள் அதனை முற்றக் கழிக்கப் பல நாட்கள் ஆகும். வயிறு உப்பும், ஊட்டிய பால் இரைப்பையிலேயே தங்கும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. உட்சுவர் மெலிந்த குடலில் நுண்கிருமிகள் புகுந்து, அழற்சி மூண்டு, குடற்சுவரே அழுகத் தொடங்கும் நோய் அது. மருத்துவர் ‘நெக்’ என்று சுருக்கிச் சொல்லுவர். நோய் முற்றினால் குடல் ஓட்டையாகிவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பல குழந்தைகள் பிழைப்பதில்லை. கொடியில் ஓய்வுநேர ஓட்டம் நின்றோ திரும்பியோ இருந்த குழந்தைகளுக்கு இந்நோய் ஏறத்தாழ இருமடங்கு வருகிறதென்பது, அதுவரை வெளிவந்த ஆய்வுகளை 2005ஆம் ஆண்டில் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

இத்தகைய குடலைக் கண்டு மருத்துவர் அஞ்சியது இயற்கையே. அவ்வச்சத்தின் வரலாறு ஊசல்போல அங்குமிங்கும் ஆடியது. 1950களில் மேனாட்டு மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளை முதல் இரண்டு மூன்று நாட்கள் எதுவும் கொடாமல் பட்டினி போட்டனர்; பால் மூச்சுக்குழலில் போய்விடும் என்பது அவர்கள் கவலை. 1964இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஸ்மால்பீஸ், பமேலா டேவிஸ் என்னும் இரு பெண் மருத்துவர்கள், தண்ணீர் கலவாத தாய்ப்பாலைப் பிறந்த சில மணி நேரத்திலேயே கொடுத்துக் காட்டி அவ்வழக்கத்தை மாற்றினர். 1968இல் பிலடெல்பியாவில் டட்ரிக், வில்மோர் ஆகியோர் சிரை வழியாகவே முழு உணவையும் செலுத்தி ஒரு சிசுவை வளர்க்கலாம் என்று நிறுவினர். அது பெருஞ் சாதனை, ஐயமில்லை. ஆனால் அதன் நிழலில் பழைய பட்டினி மீண்டும் வந்து குடிபுகுந்தது. குடல் அழுகல் நோய்க்கு அஞ்சி, குருதி குன்றிய குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று பாலை நிறுத்திவைத்தனர். குடலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்றனர்.

ஓய்வு என்ற சொல்லில்தான் மயக்கம். ஒடிந்த காலுக்கு ஓய்வு நன்று. குடலுக்கோ உணவே வேலை, வேலையே உணவு. உட்சுவரின் அணுக்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தின் ஒரு பகுதியைக் குடலினுள்ளே செல்லும் பாலிலிருந்தே நேராகப் பெறுகின்றன. பால் செல்லாவிடில் சுவர் மேலும் மெலியும். செரிமான நீர்கள் சுரப்பது குறையும். நல்ல நுண்ணுயிர்கள் குடியேற வேண்டிய இடத்தில் தீயன குடியேறும். ஓய்வு கொடுத்த நாட்களில் சிரையில் செருகிய குழல் வழியாகக் குருதியில் நச்சுக்கிருமி கலக்கும் ஆபத்து வேறு. சிரை வழி முழு உணவைத் தயாரிக்கும் வசதி நம் நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் இல்லை. அவ்வசதியற்ற இடத்தில் பத்து நாள் குடல் ஓய்வு என்பது சர்க்கரைக் கரைசலில் வாழும் பத்து நாள் பட்டினியேயாகும். பெருநகரத்து மருத்துவமனையில் இது கொள்கை வாதமாக இருக்கலாம். சித்தூரில் இது குழந்தையின் எடையும் உயிரும்.

இவ்வாதத்துக்கு முறையான சோதனை ஒன்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 54 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2012இல் வெளியாயிற்று. 35 வாரத்துக்கு முன் பிறந்த, எடை குன்றிய, கருவில் டாப்ளர் கெட்டிருந்த 404 குழந்தைகளைச் சீட்டெடுத்ததுபோல இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு இரண்டாம் நாளில் பால் தொடங்கினர். மற்றதற்கு ஆறாம் நாளில். முதற்பிரிவு ஏறத்தாழ 18ஆம் நாளில் முழுப்பாலை எட்டியது. இரண்டாவது 21ஆம் நாளில். சிரை உணவால் ஈரலில் பித்தம் தேங்கும் கேடும் முதற்பிரிவில் குறைந்தது. அஞ்சிய நோயின் கதை என்ன? கடுமையான குடல் அழுகல் இரு பிரிவிலும் ஒரேயளவாக நூற்றுக்கு 8. நான்கு நாள் காத்திருந்ததால் ஒரு குழந்தையும் காப்பாற்றப்படவில்லை என்றுதான் நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம்.

ஆயினும் ஊசலை மறுகோடிக்குத் தள்ளிவிடலாகாது. அதே சோதனையில் 29 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவை முழுப்பாலை எட்ட ஏறத்தாழ 28 நாட்கள் ஆயின. எல்லாப் படிநிலைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் குடல்நோய் அவற்றில் நூற்றுக்கு 39 அளவுக்கு இருந்தது. 29 வாரமும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளில் நூற்றுக்கு 10தான். ஆகவே மிக இளங்குழந்தையின் குடலுக்கு நிதானம் தேவை. தொடக்கத்தைத் தள்ளிப்போடுவதால் அந்நிதானம் வாராது. அளவைக் கூட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் வரும்.

அளவு என்பதையும் கணக்கிட்டுச் சொல்லிவிடுவோம். 1,200 கிராம் குழந்தைக்கு முதல் நாட்களில் இரண்டு மணிக்கு ஒருமுறை 1 மில்லிலிட்டர், அதாவது ஏறத்தாழ இருபது துளி. நாள் முழுவதும் சேர்த்தாலும் 12 மில்லிலிட்டர்; ஒரு பாலாடை நிரம்புமா என்பதே ஐயம். வாய்வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழல் மூலம் செவிலியர் அதனைச் செலுத்துவர். பசியாற்றுவதற்கு அது போதாது. குடலை விழிக்கச் செய்வதற்குப் போதும். பின்னர் குழந்தையின் வயதையும் வயிற்றையும் பார்த்து நாளுக்கு நாள் கூட்டி, 180 மில்லிலிட்டர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உறிஞ்சவும் விழுங்கவும் திறம் வந்தபின் பாலாடையும், அதன்பின் தாயின் மார்பும். இடையில் இரைப்பையில் சிறிது பால் தங்கியது என்பதற்காக மட்டும் நிறுத்திவிடுதல் வீண் அச்சம். பச்சை நிறமான வாந்தி, மலத்தில் குருதி, தோல் மினுமினுக்க இறுகிய வயிறு, குழந்தை துவண்டு மூச்சு விட்டுவிட்டு வருதல் ஆகியவை தோன்றினால், அப்போது ஒரு நொடியும் தாமதிக்காமல் நிறுத்தவேண்டும்.

எந்தப் பால் என்னும் வினாவுக்கு இரண்டு விடை இல்லை. 1990இல் இங்கிலாந்தில் லூகஸ், கோல் ஆகிய இருவர் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து, தாய்ப்பால் மட்டும் பெற்றவற்றைக் காட்டிலும் புட்டிப்பால்மாவு மட்டும் பெற்றவற்றில் குடல் அழுகல் 6 முதல் 10 மடங்கு மிகுதி என்று கண்டனர். அத்துணை வேறுபாட்டைத் தரும் மருந்து எதுவும் மருந்துக் கடையில் இல்லை. பிரசவித்த முதல் நாட்களில் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பால் கிருமிகளைத் தடுக்கும் பொருள்கள் செறிந்தது. அதனைக் ‘கெட்ட பால்’ என்று பீச்சித் தரையில் விடும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களில் இன்னும் அடியோடு ஒழியவில்லை. ஒழியாத வேறு சிலவும் உண்டு: நாவில் தடவும் தேன், சர்க்கரைத் தண்ணீர், விளக்கெண்ணெய், தெருவில் கழுதையை ஓட்டிவந்து சங்களவு விற்கும் கழுதைப்பால். கொழுகொழுவென்று பிறந்த குழந்தைக்கே இவை தீமை. கருவிற் குருதி குன்றிய குடலுக்கு இவற்றில் ஒரு சொட்டும் நஞ்சு. பாட்டியின் அன்பை நாம் குறைகூறவில்லை. அவ்வன்பு சீம்பாலைச் சேகரிப்பதில் செல்லட்டும் என்கிறோம். தாயிடம் பால் கிடையாவிடில் பிற தாய்மார் கொடையாகத் தந்த பாலைப் பதப்படுத்தி வழங்கும் பால்வங்கிகள் உள்ளன. மும்பையில் சயான் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கியது ஆசியாவிலேயே முதலாவது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் குழந்தை இடர்ப்படுவது பெரும்பாலும் இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வழியிலேதான். சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் சாலை வழி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தெற்கே வேலூர் அதில் பாதித் தொலைவு. 1960இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், அதனைச் சார்ந்த அரசு மகப்பேறு மருத்துவமனையும் திருப்பதியில் இருப்பதால், சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலிருந்து இடர் மிகுந்த கருவுற்றோர் அங்கே அனுப்பப்படுகின்றனர். 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நோயாளிகளின் வழி மாறவில்லை. டாப்ளர் கெட்டிருப்பது தெரிந்தவுடன், குழந்தை வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்பிவிடுவது மிகச் சிறந்தது. கருப்பையைவிட நல்ல வண்டி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நேரம் இருந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியையும் புறப்படுமுன் தாய்க்குப் போட்டுவிடலாம்.

அனுப்பும்போது தாளையும் அனுப்பவேண்டும். ஸ்கேன் அறிக்கை வீட்டுப் பெட்டியிலோ, முன்பு பார்த்த மருத்துவமனைக் கோப்பிலோ தங்கிவிட்டால், பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவது 1,200 கிராம் எடை ஒன்றே. அது காலத்துக்கு முன் வந்த குழந்தையா, குடல் காய்ந்த குழந்தையா என்பதை அவர்கள் எதைக்கொண்டு அறிவர்? எத்தனையாவது வாரம், தொப்புட்கொடி நாடியில் ஓய்வுநேர ஓட்டம் எப்படி இருந்தது, எந்த நாளில் பார்த்தது, தாய்க்கு என்ன மருந்து கொடுத்தது ஆகிய நான்கு செய்திகள் அனுப்புச் சீட்டின் முதல் வரியிலேயே எழுதப்படவேண்டும். கணவரோ தாயாரோ அச்சீட்டைக் கைப்பையில் அன்றி மடியில் வைத்துக்கொள்ளட்டும்.

சில சமயம் குழந்தை சித்தூரிலேயே பிறந்துவிடும். தாய் அறுவைச் சிகிச்சைப் படுக்கையில் கிடக்க, குழந்தையை மட்டும் வண்டியில் திருப்பதிக்குக் கொண்டுபோவர். முதல் இரண்டு மூன்று நாட்களில் அக்குழந்தைக்கு வேண்டிய பால் இவ்வூரில், வயிறு அவ்வூரில். இங்கேதான் புட்டிப்பால்மாவு உள்ளே நுழைகிறது. நுழையவேண்டிய தேவையில்லை. தாய் படுக்கையில் இருந்தபடியே, பிரசவித்த சில மணி நேரத்துக்குள் கையால் பீச்சத் தொடங்கி, இரவு உட்பட நாளொன்றுக்கு எட்டுமுறை பீச்சலாம். தொடக்கத்தில் ஒருமுறைக்கு அரைத் தேக்கரண்டியே வரும். இருபது துளி வேண்டிய குழந்தைக்கு அதுவே மிகுதி. கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் வேகவைத்து ஆறவைத்த மூடியுள்ள சிறு பாத்திரத்தில் எடுத்து, பெயரும் நேரமும் எழுதி, பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைத்தால், பேருந்தில் இரண்டு மணி நேரத்தில் திருப்பதி சேர்ந்துவிடும். காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று உறவினர் முறைவைத்துக்கொண்டால், தாய் எழுந்து வந்து குழந்தையின் அருகில் அமரும் நாள்வரை பால் தடைப்படாது.